எட்டு ஜீபி

கணினி விழிக்கப் பதினொரு நிமிடம் எடுத்தது. கைப்பேசியில் நேரம் பிடித்துப் பார்த்தேன். அளப்பது என் தொழில். கொம்பனித்தெருவில் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடியில் கட்டட அளவையாளனாக இருக்கிறேன். எவ்வளவு கம்பி, எவ்வளவு சீமெந்து, எத்தனை ஆள், எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். இப்போது விடுமுறையில் நிற்கிறேன்.

என் மனைவி தாரிகா இறந்து அந்தச் செவ்வாய்க்கிழமையோடு இருபத்தாறு நாள். டெங்கு. காய்ச்சல் தொடங்கி ஆறாம் நாள் முடிந்துவிட்டது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு முப்பத்தைந்து. பிள்ளைகள் இல்லை.

கணினி அவளுடையது. வீட்டிலிருந்தே நினைவு மலர்கள் செய்தாள். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுக்க வேண்டும். வயதானவர்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள். தேவாரம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்ச வரலாறு, படங்கள், பிறகு குடும்பத்தார் ஒவ்வொருவர் பெயரிலும் செய்யுளில் ஒரு புலம்பல். வெள்ளவத்தையிலும் ஹெவ்லொக் டவுனிலும் இழவு விழுந்த வீட்டுக்காரர்கள் கையெழுத்துத் தாள்களோடு எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வருவார்கள். அவள் தட்டச்சுச் செய்து, பக்கம் அமைத்து, கொட்டாஞ்சேனையில் கிளின்ரனின் அச்சகத்துக்கு அனுப்புவாள். ஏழு வருடத்தில் நாற்பத்தொரு மலர் செய்தாள்.

நாற்பத்திரண்டாவது அவளுடையது. அதை நான் செய்துகொண்டிருந்தேன்.

அந்தியேட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை; அச்சகம் பூட்டு. கிளின்ரன் தெளிவாகச் சொல்லியிருந்தான்.

“வியாழக்கிழமை நாலு மணிக்கு ஃபைல் என்ரை கையில இருக்கவேணும் அண்ணை. அண்டைக்கு இரவு அடிச்சாத்தான் சனிக்கிழமை கட்டலாம். நாலு தாண்டினா ஞாயிற்றுக்கிழமை சனம் சாப்பிட்டிட்டு வெறுங்கையோடதான் போகும்.”

முப்பத்திரண்டு பக்கம். திங்கட்கிழமை இரவு வரை பன்னிரண்டு பக்கம் முடித்திருந்தேன். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போக முப்பது வினாடி. படம் ஒன்றை வைத்தால் நான்கு நிமிடம். சேமிக்க ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் பெட்டிக்குள்ளிருந்து கொறிக்கும் சத்தம் வரும். எலி எதையோ தின்பது போல. திரை வெளிறும். சுட்டி வட்டமாகச் சுற்றும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பதின்மூன்றாம் பக்கத்தில் அவளுடைய பட்டமளிப்புப் படத்தை வைத்தேன். கணினி நின்றுவிட்டது. இருபது நிமிடம் காத்திருந்தேன். பிறகு மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டேன். பதினொரு நிமிடம். பதின்மூன்றாம் பக்கம் அங்கே இல்லை. பன்னிரண்டாம் பக்கமும் இல்லை.

அப்போது மாமா கைப்பேசியில் எடுத்தார். சிவானந்தன், தாரிகாவின் தகப்பன். கல்வித் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகளை நம்புகிறவர்.

“எத்தினையாம் பக்கத்தில நிக்கிறீர்?”

“பதினொண்டில, மாமா.”

“நேற்றுப் பன்னிரண்டு எண்டனீர்.”

“ஓம்.”

“பின்னுக்கே போறீர், தம்பி? நான் அப்பவே சொன்னனான், காலி வீதியில குடுத்தா ஒரு நாளில செய்து தருவாங்கள் எண்டு. உமக்கேன் இந்தக் கரைச்சல்?”

“நான் செய்யிறன், மாமா.”

“கணவர் புலம்பல் எழுதியாச்சோ?”

“இன்னும் இல்லை.”

“அது இல்லாமல் கல்வெட்டு இல்லை. சனம் முதல்ல அந்தப் பக்கத்தைத்தான் தட்டிப் பாக்கும்.”

கொஞ்ச நேரத்தில் கனடாவிலிருந்து சாரங்கனின் குரல் பதிவு வந்தது. தாரிகாவின் தம்பி. “அத்தான், அப்பா சொன்னார் கொம்பியூட்டர் சரியில்லையாம். உதைத் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசா ஒரு லப்டொப் வாங்குங்கோ. நான் பாக்கிறன்.” அந்தப் பதிவோடு இன்னும் ஆறு படங்கள் அனுப்பியிருந்தான். ஒவ்வொன்றும் சுவரில் மாட்டும் அளவு.

இருவர் சொன்னதிலும் பிழை இல்லை. என் அலுவலக மடிக்கணினியில் ஏற்கனவே முயன்று பார்த்துவிட்டேன். அவள் வேலை செய்த பழைய மென்பொருளும் பழைய எழுத்துருக்களும் அதில் இல்லை. திறந்தால் தேவாரம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. ஆனால் அதுவல்ல காரணம். கடையில் கொடுத்தால் வேறு வழியில் செய்து தந்திருப்பார்கள்.

காரணம் இதுதான். இரண்டு வருடமாக அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, இதுக்கு றாம் வாங்கிப் போட்டுத் தாங்கோவன். றாம் கூட்டினா ஓடும் எண்டு கிளின்ரன் சொல்லுறான்.”

“சனிக்கிழமை பாப்பம்.”

சனிக்கிழமைகளில் நித்திரை கொண்டேன். கிரிக்கெட் பார்த்தேன். ஒருமுறை உண்மையாகவே வெளிக்கிட்டுக் கீழே இறங்கி, மழை என்று திரும்பி ஏறினேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் செய்திருப்பேன்.

இந்த ஒரு மலராவது இந்தக் கணினியிலேயே, அவளுடைய பக்க அமைப்பிலேயே, திருத்திய கணினியில், நேரத்துக்கு முடிய வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. சாப்பாடு கூட.

பெட்டியைத் திறந்தேன். சாம்பல் நிறத் தூசி பஞ்சு போலக் கிடந்தது. கடற்கரைப் பக்க வீடு; திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. இரண்டு குழிகளில் ஒன்றில் இரண்டு ஜீபி நினைவகத் துண்டு; அவள் றாம் என்றது இதைத்தான். மற்றது காலி. ஏழு வருடமாகக் காலி. துண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காலி வீதிக்கு நடந்தேன்.

கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில் ராசிக்கின் கணினிக் கடை. என் வயதுதான் இருக்கும். துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“டீடீஆர் த்ரீ. பழசு. ஆனா கடையில ஈக்கிது. எத்தன வேணும்?”

“எவ்வளவு போடலாம்?”

“நாலு நாலா எட்டுப் போடேலும். ஒங்கட விண்டோஸ் முப்பத்திரண்டு பிட்டா, அறுவத்திநாலா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தொழில் பழக்கம். வேலைத்தளத்தில் தெரியாது என்றால் மேஸ்திரி சிரிப்பான்.

“அறுபத்திநாலு.”

“ஷுவரா?”

“ஓம்.”

நாலு ஜீபித் துண்டு இரண்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து செருகினேன். மின்விசையை அழுத்தினேன். மூன்று நீண்ட கூவல். திரை கறுப்பு. கழற்றிச் செருகினேன். மூன்று கூவல். இடம் மாற்றிச் செருகினேன். மூன்று கூவல். ஆறாம் தடவையில் விரல் நகம் பிளந்தது. அவளுடைய மேசை லாச்சியில் அழிறப்பர் ஒன்று கிடந்தது. அதனால் துண்டுகளின் பொன்னிறப் பற்களைத் தேய்த்து, குழிகளுக்குள் ஊதி, தூரிகையால் தட்டி, ஒரு சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன்.

திரை வந்தது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்தேன்.

ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி.

நம்ப முடியாமல் கணினியின் விபரப் பக்கத்தைத் திறந்தேன். பொருத்தப்பட்ட நினைவகம் எட்டு ஜீபி என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பயன்படுத்தக்கூடியது 3.24. அதற்குக் கீழே, 32 பிட்.

ராசிக்குக்கு எடுத்தேன். அவன் சிரிப்பை அடக்கியது கேட்டது.

“நான் கேட்டேனே, நானா. நீங்க ஷுவர்ன்டு சொன்னீங்க.”

“அறுபத்திநாலு மாத்தினா?”

“மாத்தினா உள்ளுக்கு ஈக்கிற பழைய சொஃப்ட்வெயார் ஒண்டும் மிஞ்சாது. போட்ட எட்டில மூணத்தான் அது திங்கும். மத்த அஞ்சும் சும்மா உக்காந்து வேடிக்க பாக்கும். பெட்டியக் கொண்டாங்க, பாப்பம்.”

கொண்டுபோகவில்லை. பிடிவாதம். பெட்டியின் தகட்டில் உள்ளங்கையால் அடித்தேன். கை வலித்தது. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதன் காலை முழுவதும் நானே முயன்றேன். தொடக்கத்தில் தானாக எழும் நிரல்களை நிறுத்தினேன். இருபத்தாறு இருந்தன. அவற்றில் நான்கு, இல்லாத அச்சு இயந்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தன. இரண்டு வைரஸ் தடுப்பான்கள் ஒன்றை ஒன்று சோதித்துக்கொண்டிருந்தன. ஒன்றை நீக்கினேன். தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். வன்தட்டில் இடமே இருக்கவில்லை. எங்கள் கல்யாண வீடியோ மட்டும் நாற்பது ஜீபி. நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு மறுபடி நேரம் பிடித்தேன். ஒன்பது நிமிடம். நாற்பது வினாடி இலாபம்.

பதினைந்தாம் பக்கத்தைச் சேமித்தபோது, கோப்பை எழுத முடியவில்லை என்று ஒரு சிறிய பெட்டி வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடி அதே பெட்டி. மலரை ஒரு பென்டிரைவில் படியெடுக்கப் பார்த்தேன். இன்னும் மூன்று மணி நேரம் என்றது. பிறகு ஐந்து மணி நேரம் என்றது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குக் கம்பிகளைப் பிடுங்கினேன். பெட்டியைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓட்டோ பிடித்தேன். மடியில் வைத்திருந்தேன். “ஹெமின் யன்ன அய்யே” என்றேன். சாரதி மெதுவாகத்தான் போனான். பிள்ளை தூங்குகிறதா என்று சிங்களத்தில் பகிடி விட்டான். துவாயை இழுத்து மூடினேன்.

ராசிக் துவாயை எடுத்தான். பெட்டியின் முகப்பில் தாரிகா ஒட்டிய சின்னப் பிள்ளையார் இருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“அட, இது தாரிகா மிஸ்ஸுட மெஷின் தானே? நேத்தே சொல்லீக்கலாமே. இந்தப் புள்ளையார எனக்கு நல்லாத் தெரியும்.”

“இஞ்ச வந்தவவோ?”

“போன வருஷம் நோம்பு டைம்ல. தனியாத் தூக்கிட்டு வந்தாங்க. வேர்த்து ஊத்திச்சு. றாம் போடணும்ன்டாங்க. நான் பாத்துட்டுச் சொன்னேன், மிஸ், றாம் இல்ல பிரச்சின, ஹாட் டிஸ்க்தான். ஓடி ஓடி வயசாயிட்டு. எஸ்எஸ்டின்டு புது மாதிரி டிஸ்க் ஒண்டு போட்டா குதிர மாதிரி ஓடும், ஒரு நாள் வேலைன்டு.”

“பிறகு?”

“பொறகென்ன. யோசிச்சாங்க. வேணாம், ஹஸ்பண்ட் செஞ்சு தாரன்டு சொல்லீக்கார், நான் செஞ்சுட்டா அவருக்கு ஒரு மாதிரி ஈக்கும், அவரே செய்யட்டும்ன்டாங்க. எப்ப செய்வார் மிஸ்ன்டு கேட்டேன். சனிக்கிழமன்டாங்க. எந்தச் சனிக்கிழமன்டு கேட்டதுக்குச் சிரிச்சிட்டுப் போயிட்டாங்க.” மேசையைத் தட்டினான். “அப்ப அந்தச் சனிக்கிழம ஹஸ்பண்ட் நீங்கதானா? ஒருவழியா வந்துட்டீங்க. இண்டைக்குப் புதன்கிழம!”

பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

“மிஸ் எங்க? வரல்லியா?”

“அவ இல்லை.”

“ஊருக்குப் போயீக்கிறாங்களா?”

“மோசம் போயிட்டா. போன மாதம். இதுக்குள்ள இருக்கிறது அவவின்ரை அந்தியேட்டி மலர். நாளைக்கு நாலு மணிக்கு முதல் பிரஸ்ஸில குடுக்கவேணும்.”

அவன் எழுந்து நின்றான். அரபியில் மெல்ல ஒன்று சொன்னான். பிறகு திருகாணிகளைக் கழற்றினான். கடையில் வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களைப் பிறகு வரச் சொன்னான்.

வன்தட்டை வேறொரு கணினியில் பொருத்திச் சோதித்தான். திரையில் பச்சைக் கட்டங்களுக்கு நடுவே சிவப்புக் கட்டங்கள் வந்தன.

“பல எடத்தில செத்தீக்கிது. அதால ஒரு எழுத்த எடுக்க நூறு தரம் ஓடுது. அப்படியே எஸ்எஸ்டிக்குப் படியெடுக்கப் பாக்கிறேன். ராவைக்கு ஓடட்டும். சில ஃபைல் வராது. எதுன்டு இப்ப சொல்லேலா.”

“மலர் வேணும்.”

“தெரியும் நானா. என்ட கையில இல்ல.”

வீட்டுக்கு நடந்தே போனேன். அவளுடைய மேசையில் கணினி இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் நீள்சதுரமாக இருந்தது. மாமா மூன்று முறை எடுத்தார். மூன்றாம் முறை பேசினேன். கணினி கடையில் இருக்கிறது என்றேன்.

“கடையிலயோ? இண்டைக்குப் புதன்கிழமை, தம்பி. என்ரை மகளின்ரை அலுவலில விளையாடுறீரோ?”

“இல்லை மாமா.”

“பின்ன ஏன் அந்தப் பழசைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்? சொல்லுமன்.”

சொல்லவில்லை. சொன்னால் அவருக்குப் புரியும். அதுதான் கஷ்டம்.

வியாழக்கிழமை பத்தரைக்கு ராசிக் அழைத்தான். கடையில் அவனே கம்பிகளைப் பொருத்தி மின்விசையை அழுத்தினான். நான் கைப்பேசியை எடுத்தேன்.

பத்தொன்பது வினாடி.

கடற்கரைப் படம் போட்ட அவளுடைய திரை எழுந்து நின்றது. சத்தம் இல்லை. கொறிப்பு இல்லை. எந்தப் பொத்தானைத் தொட்டாலும், விரல் எடுக்க முதல் திறந்தது.

“பதினேழு ஃபைல் வரல்ல,” என்றான் ராசிக். ஒரு தாளை நீட்டினான். கல்யாண வீடியோவில் ஒரு பகுதி. சில பாட்டுகள். பதினான்காவது வரியில் மலர்.

“கடசியா எழுதின எடத்திலதான் தட்டு செத்தீக்கிது. திரும்பத் திரும்ப சேவ் பண்ணினீங்களா?”

“ஓம்.”

“அதான்.”

மணி பத்து ஐம்பது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அந்த நேரத்துப் போக்குவரத்தில் ஒரு மணி நேரம். மூன்று மணிக்கு வெளிக்கிட வேண்டும். மூன்று நாள் பாடுபட்டுப் பதினைந்து பக்கம் செய்தவனுக்கு நான்கு மணி நேரத்தில் முப்பத்திரண்டு பக்கம்.

வீட்டில் பெட்டியைப் பொருத்தியபோது பதினொன்று இருபது. நான் தட்டச்சுச் செய்த வாழ்க்கைக் குறிப்பும் வம்ச வரலாறும் வேறு கோப்பில் இருந்ததால் தப்பியிருந்தன. படங்கள் கைப்பேசியில் இருந்தன. தாரிகா செய்து வைத்திருந்த வெற்று மாதிரிப் பக்கங்கள் இருந்தன: முகப்பில் குத்துவிளக்கு, உள்ளே பூக்கொடி ஓரம், தேவாரங்கள் ஏற்கனவே இடப்பட்டு. அதைத் திறந்தேன். திறந்தது. முதல் படத்தை வைத்தேன். வைத்ததும் அங்கே இருந்தது. அடுத்த பக்கம். அடுத்தது. சேமிப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் பழக்கத்தில் கைகளை மடியில் வைத்தேன். அதற்குள் முடிந்துவிட்டது. வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணிக்குப் பதினாறு பக்கம். வம்ச வரலாற்றில் மாமாவின் சித்தப்பாக்கள் இடம் மாறி நின்றார்கள். சரிசெய்தேன். பட்டமளிப்புப் படம் பதின்மூன்றாம் பக்கத்தில் நின்றது. இரண்டு மணி பத்துக்கு ஒரு பக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. இருபத்தேழாம் பக்கம். கணவர் புலம்பல்.

புலம்பல்கள் என்ற கோப்புறை ஒன்று அவளிடம் இருந்தது. யாரோ ஒரு புலவரிடம் ஒருமுறை எழுதுவித்த செய்யுள்கள். பெயரை மாற்றி மாற்றி எல்லா வீட்டுக்கும் பயன்படும். கணவர் ஒன்று, கணவர் இரண்டு, கணவர் மூன்று. ஒன்றைத் திறந்தேன்.

இல்லின் விளக்கே எனையாண்ட பெட்டகமே
சொல்லாமற் சென்றாய் துணையின்றித் தேம்புகின்றேன்

நான் தேம்பவில்லை. செத்த வீட்டிலும் தேம்பவில்லை; அதை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டைத் திறந்தேன். மூன்றைத் திறந்தேன். மூன்றும் உடனே திறந்தன. இந்த மூன்று நாளும் கணினி நகராததால்தான் இந்தப் பக்கத்துக்கு வரவில்லை என்று நினைத்திருந்தேன்.

செய்வது தெரியாமல் அவளுடைய பழைய மலர்க் கோப்புறைகளைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் முதல் கோப்பின் திகதி, கடைசிக் கோப்பின் திகதி. கழித்துப் பார்த்தேன். ஆறு நாள். ஏழு நாள். ஐந்து நாள். ஆறு நாள். சராசரி ஆறு. தட்டச்சு வராத நான் முப்பத்தொரு பக்கத்தை மூன்று மணி நேரத்துக்குள் அமைத்துவிட்டேன். எல்லாம் தட்டச்சுச் செய்தாலும் அவளுக்கு ஒரு நாள் போதும். மிச்சம் ஐந்து நாள், சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்.

நான் வேலையால் வரும்போது அவள் திரைக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்தபடி இருப்பாள். என்ன யோசிக்கிறாய் என்று கேட்பேன். ஒண்டுமில்லை என்பாள்.

இருபத்தேழாம் பக்கத்தில் எழுதினேன். பாமினி என்ற அவளுடைய பழைய எழுத்துருவின் விசைகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது.

“தாரிகா இந்தக் கணினியில் நாற்பத்தொரு குடும்பங்களுக்கு நினைவு மலர் செய்தாள். ஒன்றுக்கு ஆறு நாள் சென்றது. கணினி மெதுவாக இருந்தது. திருத்தித் தரும்படி இரண்டு வருடம் என்னைக் கேட்டாள். நான் செய்யவில்லை. இந்த வாரம் செய்தேன். இப்போது ஒரு நாள் போதும். அவள் இதற்கு முன்னால் காத்திருந்தது இருநூற்றைந்து நாள். கணவர்.”

இரண்டு ஐம்பது. பென்டிரைவில் படியெடுத்தேன். நான்கு வினாடி.

ஓட்டோ கோட்டைப் பக்கம் நெரிசலில் நின்றபோது மாமா எடுத்தார்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது மாமா. கொண்டு போறன்.”

மூச்சு விட்டார். “புலம்பல்?”

“நானே எழுதினனான்.”

“நீரோ? உமக்குச் செய்யுள் வருமோ?”

“செய்யுள் இல்லை. சின்னன்.”

“அழகா வந்திருக்கோ?”

“இல்லை மாமா.”

“சரி, குடும்,” என்றார்.

அச்சகத்தில் நுழைந்தபோது மூன்று ஐம்பது. கிளின்ரன் கையில் மையோடு நின்றான். பென்டிரைவைச் செருகிப் பக்கங்களைத் தட்டினான். வாயால் எண்ணினான். “அக்காவின்ரை லேஅவுட்தான். ஒண்டும் குழம்பேல்லை. நல்லாச் செய்திருக்கிறியள்...”

இருபத்தேழில் நின்றான். படித்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான்.

“அண்ணை, இதென்ன?”

“புலம்பல்.”

“றாம் போடச் சொல்லி அவவுக்குச் சொன்னது நான். ஒரு தரமும் பெட்டியைத் திறந்து பாத்திட்டுச் சொல்லேல்லை. சும்மா வாயில வந்ததைச் சொன்னனான்.”

“நான் உன்ரை பேரைப் போடேல்லையே.”

அவன் தலையைச் சொறிந்தான். நெற்றியில் மை பட்டது. “அக்காவின்ரை அப்பா பாத்தவரோ?”

“இல்லை.”

“சரி. பிழை கிடந்தா இப்ப சொல்லுங்கோ. அச்சுத் தட்டுப் போட்டாப் பிறகு ஏலாது.”

குனிந்து படித்தேன். பிழை இருந்தது. முதல் இருபத்திரண்டு மலரும் அவள் கேட்கத் தொடங்குவதற்கு முன் செய்தவை. கடைசி இரண்டு வருடத்தில் பத்தொன்பது மலர். என் தலையில் விழுவது அவ்வளவுதான். கூட எழுதினால் அதுவும் பொய்.

“இருநூற்றைஞ்சை வெட்டு. தொண்ணூற்றைஞ்சு எண்டு போடு. நாற்பத்தொண்டையும் மாத்து, இரண்டு வருடத்தில் பத்தொன்பது எண்டு.”

அவன் தட்டினான். தட்டிவிட்டு விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தான்.

“அண்ணை, எந்தக் கணக்கைப் போட்டாலும் சனம் ஒண்டைத்தான் கேக்கும்.”

“என்ன?”

“சோத்துத் தட்டோட உங்களுக்குப் பக்கத்தில வந்திருந்து, ஏன் தம்பி செய்து குடுக்கேல்லை எண்டு கேக்கும். ஒவ்வொரு ஆளாக் கேக்கும். சொல்ல ஏதும் வைச்சிருக்கிறியளோ?”

“இல்லை.”

“அப்ப கணவர் இரண்டைப் போடுவமே? அது என்னட்டையும் கிடக்கு. ஒரு நிமிஷம். ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்.”

சுவர் மணிக்கூட்டில் நாலுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. பின்னால் இயந்திரத்துக்குத் தாள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“கேக்கட்டும்,” என்றேன். “அடி.”